மூவாயிரம் பேருக்குக் கடுமை, பதின்மூவாயிரம் பேர் மரணம்: கணக்கு எங்க இடிக்குது?



இந்தக் கிழமை எபிசோடில் டேட்டா பைப்லைன்கள் பற்றிக் கதைக்கும்போது ஆஸ்பத்திரித் தரவைச் சும்மா தொட்டுவிட்டு, நேரம் காணாமல் அடுத்த விசயத்துக்கு ஓடிவிட்டோம். விட்ட இடத்தில் இருந்து இங்கே தொடர்கிறேன். லாச்சப்பல் ஃபார்மசிக் கண்ணாடிகளில் ஊசி விளம்பரம் ஒட்டுகிற காலம் வருகிறபடியால் இது நேரத்துக்கு ஏற்ற கதையும்கூட.

கேள்வி இதுதான்: கிரிப், அதாவது இன்ஃபுளுவென்சா, கடுமையாகி ஆஸ்பத்திரிக்குப் போகிற ஆட்களை பிரான்ஸ் எப்படி எண்ணுகிறது?

முதலில் இரண்டு எண்களைப் பாருங்கோ. 2017-18 குளிர்காலத்தில் பிரான்சின் தீவிர சிகிச்சைப் பிரிவுகள் அறிவித்த கடுமையான கிரிப் நோயாளிகள் ஏறக்குறைய 3,000 பேர். அதே பருவத்தில் கிரிப்பால் வந்தவை என்று மதிப்பிடப்பட்ட மரணங்கள் ஏறக்குறைய 13,000. இரண்டையும் வெளியிட்டது ஒரே நிறுவனம்: நாட்டின் பொதுச் சுகாதார முகமையான சாந்தே பியுப்ளிக் பிரான்ஸ்.

ஒரு டெவலப்பருக்கு இந்த இரண்டு எண்களையும் ஒரே டேஷ்போர்டில் காட்டினால் உடனே டிக்கெட் திறப்பார். "கடுமையான நோயாளிகளை விட இறந்தவர்கள் நாலு மடங்கு. எங்கயோ ஜொயின் பிழைச்சிட்டுது."

ஜொயின் ஒன்றும் பிழைக்கேல்லை. இரண்டும் வெவ்வேறு கேள்விகளுக்கான பதில்கள். இரண்டுக்கும் நடுவில் இருக்கிற அந்த இடைவெளியில்தான் எங்கட அம்மம்மாமாரும் அப்பப்பாமாரும் விழுகிறார்கள். அதனால் இந்த எண்கள் ஒவ்வொன்றும் எந்தக் கம்பியால் வந்து சேருது என்று பார்ப்பம்.

முதல் எண்: கையால் நிரப்புகிற படிவம்

2009இல் எச்1என்1 பெருந்தொற்று வந்தபோதுதான், கிரிப்போடு தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள் போகிற ஒவ்வொரு ஆளையும் தேசிய அளவில் பதிய வேண்டும் என்ற ஏற்பாடு பிரான்சில் தொடங்கியது. தீவிர சிகிச்சைப் பிரிவை இங்கே சுருக்கமாக "ரெயா" என்பார்கள். பெருந்தொற்று முடிந்த பிறகும் இந்தப் பதிவு நிற்கவில்லை. ஒவ்வொரு பருவத்திலும், ஆண்டின் 40ஆவது வாரமான ஒக்டோபர் ஆரம்பம் தொட்டு ஏப்ரல் வரை, ரெயா மருத்துவர்கள் ஒரு படிவம் நிரப்பி அனுப்புகிறார்கள்.

படிவத்தில் இருப்பது பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. வயது, பால். வைரஸ் ஏ வகையா, பி வகையா. ஏற்கெனவே இருந்த வருத்தங்கள்: சீனி வருத்தம், இதயக் கோளாறு, சுவாச நோய். இந்தப் பருவத்துக்கு ஊசி போட்டவரா. நுரையீரல் எவ்வளவு மோசம், எந்த வகைச் செயற்கைச் சுவாசம் கொடுத்தார்கள். கடைசியாக, பிழைத்தாரா இல்லையா. வைரசின் உள்விபரம் தேவையென்றால் மாதிரிகளைப் பார்ப்பது தேசிய மேற்கோள் ஆய்வுகூடம். அது இரண்டு இடத்தில் இருக்கிறது: ஒன்று பாரிசில் பாஸ்தர் நிறுவனம், மற்றது லியோன் நகர வைத்தியசாலைகள்.

இந்தப் படிவத்தின் பலம், அது "யார்" என்று சொல்கிறது. பருவத்துக்குப் பருவம் திரும்பத் திரும்ப ஒரே படம்தான் வருகிறது: ரெயாவுக்குப் போனவர்களில் பெரும்பாலானவர்களுக்கு ஏற்கெனவே ஏதாவது ஒரு ஆபத்துக் காரணி இருந்தது, பெரும்பாலானவர்கள் ஊசி போடாதவர்கள். யாருக்கு ஊசி இலவசம் என்று அரசாங்கம் முடிவெடுக்கும்போது இப்படியான விபரம்தான் மேசையில் இருக்கும்.

பலவீனமும் அதே இடத்தில்தான். பதிவு தொடங்குவது ரெயாக் கதவில். அந்தக் கதவுக்குள் போகாத ஆள் இந்தக் கணக்கில் இல்லை. 88 வயது, இதயம் பலவீனம், ஏற்கெனவே நடக்க முடியாத ஒருவருக்குக் குழாய் போட்டுச் செயற்கைச் சுவாசம் கொடுப்பது அவரைச் சித்திரவதைப்படுத்துகிற வேலையாக முடியலாம். மருத்துவரும் குடும்பமும் சேர்ந்து "வேண்டாம்" என்று முடிவெடுப்பார்கள். பல நேரம் அது சரியான முடிவுதான். அவர் சாதாரண வார்டிலேயோ முதியோர் இல்லத்திலேயோ வீட்டிலேயோ கண் மூடுவார். கிரிப்தான் கொண்டுபோனது, ஆனால் "கடுமையான கிரிப்" படிவம் அவருக்காகத் திறக்கப்படவே இல்லை. அதோடு இந்த ஏற்பாடு எல்லா ரெயாக்களையும் முழுசாக மூடுவதும் இல்லை. பங்கெடுக்கிற பிரிவுகள் சொல்வதுதான் வருகிறது.

3,000 என்ற எண்ணுக்கு இதுதான் பொருள்: பங்கெடுத்த ரெயாக்களின் கதவைத் தாண்டி, பரிசோதனையில் கிரிப் என்று உறுதியாகி, மருத்துவர் மினைக்கெட்டுப் படிவம் நிரப்பின ஆட்கள்.

இரண்டாவது எண்: தினம் வந்து சேர்கிற ஃபைல்

2003 ஓகஸ்டை இங்கே பழைய ஆட்களிடம் கேட்டுப் பாருங்கோ. அந்த வெப்ப அலையில் இருபது நாளுக்குள் பிரான்சில் வழமையை விட ஏறக்குறைய 15,000 பேர் கூடுதலாக இறந்தார்கள். அரசாங்கத்தின் கையில் எந்த எண்ணும் இருக்கவில்லை. பத்திரிக் பெலூ என்ற அவசரப் பிரிவு மருத்துவர் ஊடகங்களில் வந்து "ஆட்கள் சாகிறார்கள்" என்று சொன்னார். அந்தக் கிழமை நாட்டின் கண்காணிப்பு முறைமை என்று சொல்லக்கூடியது கிட்டத்தட்ட அவருடைய குரல்தான்.

அந்த வெட்கத்தில் பிறந்ததுதான் ஒஸ்கூர் வலையமைப்பு. 2004இல் 23 அவசரப் பிரிவுகளோடு தொடங்கியது. இன்று ஏறக்குறைய 700. நாட்டில் "உர்ஜான்ஸ்"க்குப் போகிற ஆட்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கும் மேல் இதற்குள் வந்துவிடுகிறார்கள். கார் து நோர் பக்கத்தில் இருக்கிற லாரிபுவாசியேரிலோ, போர்த் து சென் துவோன் பக்கத்து பிஷாவிலோ இரவு போய் இருந்தீர்கள் என்றால், உங்களுக்கும் ஒரு வரி அந்த ஃபைலில் ஏறும். இப்படி அனுப்புவது 2013 யூலையில் வந்த அரசாணையோடு கட்டாயம் ஆனது.

அந்த வரியில் என்ன இருக்கும்? பிறந்த திகதி, பால், வீட்டுத் தபால் இலக்கம், வந்த நேரம், எப்படி வந்தார், எவ்வளவு அவசரம், என்ன முறைப்பாடு, மருத்துவர் கண்டுபிடித்த நோய்க்கான ஐசிடி-10 குறியீடு, பிறகு வீட்டுக்குப் போனாரா, வார்டுக்கா, ரெயாவுக்கா. பெயர் இருக்காது. நாங்கள் தினமும் பார்க்கிற எக்ஸ்எம்எல் ஃபைல்தான். ஆஸ்பத்திரி மென்பொருள் எழுதும், பிராந்திய சேர்வர் வாங்கும், அங்கிருந்து தேசிய முகமைக்குப் போகும். ஜே09, ஜே10, ஜே11 என்று குறியிட்ட வரிகளைக் கூட்டினால் "கிரிப்" வளைகோடு கிடைக்கும்.

கேட்க நல்லாத்தான் இருக்குது. ஆனால் இப்படியான ஃபைல்களோடு மல்லுக்கட்டின எவருக்கும் தெரியும், பிரச்சினை வழமையாக ஸ்கீமாவில் இல்லை, கட்டங்களை நிரப்புகிற மனிசரின் நேரத்தில். பெயர் சொல்லாமல் விடுகிற ஒரு ஆஸ்பத்திரியில் சில மாதம் ஒப்பந்த வேலை செய்தேன். நோய்க் குறியீட்டுக் கட்டம் எப்போது வெறுமையாக இருக்கும் என்று ஒரு வரைபு போட்டுப் பார்த்தோம். சனம் குறைந்த செவ்வாய் மதியத்தில் கட்டங்கள் நிரம்பி இருந்தன. ஜனவரித் திங்கள் இரவில், நடைபாதையில் கட்டில் போட்டு ஆட்கள் படுத்திருக்கிற நேரத்தில், கட்டங்கள் ஓட்டை ஓட்டையாக இருந்தன. தரவு மிகவும் தேவைப்படுகிற இரவிலேயே தரவு மிகவும் குறைகிறது. புள்ளியியல் படித்தவர்களுக்கு இதன் அர்த்தம் விளங்கும்: இந்த வெறுமை தற்செயலானது இல்லை.

இதற்கு அவர்கள் பிடிக்கிற கைமருந்து எளிமையானது. "இந்தக் கிழமை எத்தனை கிரிப்" என்பதோடு நிற்காமல், "குறியீடு போடப்பட்ட வருகைகளில் எத்தனை வீதம் கிரிப்" என்றும் பார்க்கிறார்கள். ஓட்டைகள் கூடினாலும் வீதம் அவ்வளவு ஆடாது. அதனால் செய்தியில் வருகிற வீதம் ஏறுகிறதா இறங்குகிறதா என்ற போக்கைக் காட்டும். மொத்த எண்ணிக்கை குறைந்தபட்சம் எவ்வளவு என்று மட்டும் காட்டும்.

தேதி விசயத்திலும் ஒரு பொறி இருக்கிறது. கிரிப் பருவம் ஆண்டைத் தாண்டிப் போகிறது, கணக்கு வார இலக்கத்தில். 2025 டிசம்பர் 29 திங்கட்கிழமை, ஐஎஸ்ஓ முறையில் 2026இன் 1ஆவது வாரத்துக்குள் வரும். 2020இல் 53 வாரம். 2026இலும் 53 வாரம். ஆண்டை ஒரு ஃபங்ஷனாலும் வாரத்தை இன்னொன்றாலும் எடுத்து ஒட்டுகிற கோடு, சரியாகக் கிரிப் உச்சிக்கு ஏறுகிற கிழமையில்தான் விழும். ஸ்கிரிப்ட் எழுதுகிற ஆட்கள் இப்பவே பார்த்து வையுங்கோ.

மூன்றாவது எண்: ஆரும் எண்ணாத எண்

இப்ப அந்த 13,000. இது எங்கேயும் எண்ணி எடுத்தது கிடையாது. கணித்தது.

பிரான்சில் ஒரு மரணம் நடந்தால் நகரசபை பதியும். அந்தப் பதிவு தேசிய புள்ளிவிபர நிறுவனமான இன்சேக்குப் போகும். அதில் ஆள் இறந்தது தெரியும், எதனால் இறந்தார் என்பது தெரியாது. காரணம் எழுதுவது மருத்துவர் நிரப்புகிற வேறொரு சான்றிதழில். அதை மின்வழியில் நிரப்பும் வசதி 2007இலேயே வந்துவிட்டது, என்றாலும் காகிதம் இன்னும் ஒழியவில்லை. காகிதத்தில் உள்ள காரணங்களைக் குறியீடாக மாற்றி எடுக்க மாதக்கணக்கு, சில நேரம் அதற்கும் மேல்.

அதனால் காரணத்தைப் பார்க்காமலே கணக்குப் போடுகிறார்கள். முதலில், கிரிப் இல்லாவிட்டால் இந்தக் கிழமை எத்தனை பேர் இறந்திருப்பார்கள் என்று ஒரு எதிர்பார்ப்புக் கோடு வரைகிறார்கள். குளிர்காலத்தில் ஏறி, கோடையில் இறங்குகிற அலை அது. இந்த முறையை 1963இல் அமெரிக்காவின் ரொபேட் சேர்ஃப்லிங் எழுதிவைத்தார்; எபிடெமியாலஜி படிக்கிற பிள்ளைகள் இன்றைக்கும் அவர் பெயரில்தான் படிக்கிறார்கள். உண்மையில் நடந்த மரணங்கள் அந்தக் கோட்டுக்கு மேலே எவ்வளவு போகின்றன என்று பார்த்து, அதில் கடும் குளிரின் பங்கைப் பிரித்து, கிரிப் அலையோடு சேர்ந்து ஏறி இறங்குகிற பகுதியைக் கிரிப்பின் பங்காக எடுக்கிறார்கள். சமையலறையில் ஆர் களவாகச் சாப்பிட்டது என்று தெரியாவிட்டாலும், பானையில் எத்தனை அகப்பை குறைந்திருக்கிறது என்று சொல்லலாம்தானே. அது போலத்தான்.

இதன் பலம்: ஒருவரையும் விடாது. வீட்டில் இறந்தவர், முதியோர் இல்லத்தில் இறந்தவர், பரிசோதனை செய்யாதவர் எல்லாரும் உள்ளே. பலவீனம்: ஒருவருக்கும் முகம் இல்லை. இந்த 13,000 பேரில் உங்கட மாமி இருந்தாரா என்று கேட்டால், அந்தச் சமன்பாட்டுக்குப் பதில் தெரியாது.

2024-25 பருவத்துக்கான மதிப்பீடு 17,000ஐத் தாண்டியது. ஏ வகையில் இரண்டும் பி வகையும் சேர்ந்து சுற்றின அந்தக் குளிர்காலத்தில், 2025 ஜனவரியில் 80க்கும் மேற்பட்ட ஆஸ்பத்திரிகள் "பிளான் பிளாங்" என்ற அவசரத் திட்டத்துக்குப் போயின.

இடைவெளியில விழுகிற ஆக்கள்

சரி, மூவாயிரத்துக்கும் பதின்மூவாயிரத்துக்கும் நடுவில் என்ன நடக்கிறது?

ரெயாவுக்குப் போகாத முதியவர்களைச் சொன்னேன். அடுத்தது, கிரிப் வேறு பெயரில் வருவது. 2018 ஜனவரியில் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் கனடாவின் ஒன்ராறியோ மாகாணத் தரவு ஒன்று வந்தது: கிரிப் உறுதியான முதல் ஏழு நாளில் மாரடைப்பு வரும் வாய்ப்பு ஏறக்குறைய ஆறு மடங்கு. இப்படி வருகிற ஆளுக்கு உர்ஜான்சில் போடுகிற குறியீடு இதயத்துக்குரியது. அது சரியான குறியீடும்கூட. ஆனால் ஜே10 என்ற கட்டம் வெறுமை.

வயதான ஆட்களுக்கு காய்ச்சலே பெரிதாகக் காயாது. தடுமாறி விழுவார்கள், சாப்பிட மறுப்பார்கள், ஆள் அடையாளம் மாறிக் கதைப்பார்கள். ஃபைலில் ஏறுவது "விழுந்தது", "பொது உடல்நிலைச் சரிவு". பரிசோதிக்கிற நேரத்துக்கு வைரஸ் போய்விட்டிருக்கும், நுரையீரலில் பாக்டீரியா இருக்கும். குறியீடு நிமோனியா.

இதோடு எங்களுக்கு ஒரு தனிக் காரணமும் உண்டு: மொழி.

பக்கத்து வீட்டு மாமிமாருக்கு மொழிபெயர்க்க என்று உர்ஜான்சுக்குப் போன அனுபவம் லாச்சப்பலில் ஆருக்குத்தான் இல்லை. பெரும்பாலும் அந்த வேலை பதினைந்து வயதுப் பேரப்பிள்ளையின் தலையில் விழும். மாமி சொல்வார்: "தடிமன் பிடிச்சு நாலு நாள். மேலெல்லாம் உளையுது. இப்ப முட்டுது." பிள்ளை பிரெஞ்சில் சொல்லும்: "ரூம்." அதாவது சாதாரண மூக்கடைப்பு. யாழ்ப்பாணத்துத் "தடிமன்" என்ற சொல்லுக்குள் மூக்கு ஒழுகுவதும் இருக்கிறது, ஆளைக் கட்டிலில் போடுகிற கிரிப்பும் இருக்கிறது. "முட்டுது" என்ற ஒரு சொல் வாசலிலேயே ஒட்சிசன் அளக்க வைக்க வேண்டிய சொல். அதைப் பிள்ளை "களைப்பு" என்று சொல்லிவிட்டால், வாசலில் இருக்கிற தாதி எழுதும் அவசர அளவு ஒரு படி இறங்கும், முறைப்பாட்டுக் கட்டம் மாறும், பரிசோதனை பிந்தும். முதல் கட்டத்தில் விழுந்த ஒரு சொல் கடைசி வளைகோடு வரைக்கும் போகிறது.

ஏன் எல்லாரையும் எண்ணக்கூடாது?

நல்ல கேள்விதான். கொவிட் நேரத்தில் அப்படித்தான் செய்தார்கள். ஒவ்வொரு மாலையும் தொலைக்காட்சியில் வந்த ஆஸ்பத்திரி எண்ணிக்கை "சிவிக்" என்ற முறைமையில் இருந்து வந்தது. அது நோய்க்காகக் கட்டினதே இல்லை. 2015 நவம்பர் 13 தாக்குதல்களுக்குப் பிறகு, காயப்பட்டவர்கள் எந்த ஆஸ்பத்திரியில் என்று தேடுவதற்காகக் கட்டினது. 2020 மார்ச்சில் அதையே திருப்பி, கொவிட் நோயாளி ஒவ்வொருவரையும் பெயரோடு பதிந்தார்கள். அதற்காக ஆஸ்பத்திரிகளில் ஆட்கள் தினமும் இருந்து கையால் நிரப்பினார்கள். ஒரு பெருந்தொற்றுக்கு அது நியாயம். ஒவ்வொரு குளிர்காலமும் அப்படிக் கேட்டால், நோயாளியைப் பார்க்க வேண்டிய கை விசைப்பலகையில் இருக்கும்.

"அப்ப இணையத் தேடலில இருந்தே கண்டுபிடிக்கலாமே" என்று கேட்பவர்களுக்கும் ஒரு பழைய பாடம் இருக்கிறது. 2008இல் கூகுள் "ஃபுளூ ட்ரெண்ட்ஸ்" தொடங்கியது: சனம் தேடுகிற சொற்களை வைத்தே கிரிப்பைக் கணிப்பது. 2009 வசந்தத்தில் வந்த எச்1என்1ஐ அது தவறவிட்டது. 2012-13 குளிர்காலத்தில் அமெரிக்காவில் உண்மையை விட ஏறக்குறைய இரண்டு மடங்கு காட்டியது. 2015இல் மூடினார்கள். செய்தியைப் பார்த்துப் பயந்து தேடுகிறவனையும், காய்ச்சலோடு தேடுகிறவனையும் அந்த மொடலால் பிரிக்க முடியவில்லை.

இதற்கு நேர் எதிரான கதை பாரிசிலேயே இருக்கிறது. 1984இல் அலன்-ழாக் வலெரோன் என்ற ஆய்வாளர் சென்டினெல் வலையமைப்பைத் தொடங்கினார். குடும்ப மருத்துவர்கள் கிழமைக்கு ஒருக்கால் "இத்தனை பேருக்கு கிரிப் போல" என்று அனுப்ப வேண்டும். எதில்? மினிதெல்லில். இணையத்துக்கு முன்னால் பிரெஞ்சு வீடுகளில் தொலைபேசியோடு இருந்த அந்தக் குட்டித் திரையில். மினிதெல்லை 2012இல் நிறுத்திவிட்டார்கள், சென்டினெல் இன்றைக்கும் ஓடுகிறது. திரை மாறியது, மறுபக்கத்தில் நோயாளியைத் தொட்டுப் பார்த்த ஒரு மருத்துவர் இருந்தது மாறவில்லை.

பொபினியின் குளிர்பெட்டி

கடுமையான நோயாளிகளை எண்ணுவது வெறும் புள்ளிவிபரத்துக்கு இல்லை என்பதற்கு எங்கட பக்கத்திலேயே ஒரு சாட்சி உண்டு.

2019 டிசம்பர் 27 அன்று, பாரிசின் வடக்குப் புறநகரில், எங்கட ஆட்கள் நிறையப் பேர் இருக்கிற பகுதியில், ஒருவர் இருமலும் காய்ச்சலுமாக ஆஸ்பத்திரிக்கு வந்தார். ரெயாவில் வைத்தார்கள். கிரிப் பரிசோதனை: இல்லை. சில நாளில் சுகமாகி வீட்டுக்குப் போனார். அவருடைய மாதிரி குளிர்பெட்டியில் இருந்தது. பொபினி அவிசென் ஆஸ்பத்திரியின் ரெயாத் தலைவர் இவ் கோஹனும் அவருடைய குழுவும் 2020 வசந்தத்தில் ஒரு வேலை செய்தார்கள்: அந்த டிசம்பர், ஜனவரியில் கிரிப் போல வந்து பரிசோதனையில் ஒன்றும் பிடிபடாத ரெயா நோயாளிகளின் பழைய மாதிரிகளைத் திரும்ப எடுத்துப் பரிசோதித்தார்கள். பதினான்கில் ஒன்று கொவிட் என்று வந்தது. பிரான்ஸ் தன் முதல் நோயாளிகளை அறிவித்தது 2020 ஜனவரி 24 அன்று. அதற்கு நான்கு கிழமைக்கு முந்திய மாதிரி அது.

"கிரிப் இல்லை" என்ற பதிலும் ஒரு தரவு என்பதை இது காட்டுகிறது. உலக சுகாதார நிறுவனம் கடுமையான சுவாசத் தொற்றுக்கு வைத்திருக்கிற வரையறையும் அப்படித்தான்: காய்ச்சல், இருமல், பத்து நாளுக்குள் தொடங்கியது, ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டிய நிலை. அதில் வைரசின் பெயரே இல்லை. முதலில் வலையை விரி, பிறகு என்ன பட்டிருக்கிறது என்று பார்.

2024 டிசம்பரில் யாழ்ப்பாணத்திலும் இதே பாடம். வெள்ளத்துக்குப் பிறகு காய்ச்சலும் மூச்சுத்திணறலுமாக ஆட்கள் அடுத்தடுத்து இறந்தபோது, இங்கே லாச்சப்பலில் ஒவ்வொரு வாட்சப் குழுவிலும் ஒவ்வொரு வைரசின் பெயர் ஓடியது. மாதிரிகளைச் சோதித்துப் பார்த்தபோது வந்த பதில் எலிக்காய்ச்சல். அது வைரசே இல்லை, பாக்டீரியா. மருந்து வேறு, தடுக்கிற வழியும் வேறு.

எங்கட ஆக்கள் எந்தப் பெட்டியில?

பாரிசுத் தமிழருக்குள் எத்தனை பேர் கடுமையான கிரிப்போடு போகிறார்கள்? மேலே சொன்ன மூன்று கம்பியாலும் இதற்குப் பதில் வராது. உர்ஜான்ஸ் ஃபைலில் 75010, 75018 என்று தபால் இலக்கம் இருக்கும். மொழியோ பிறந்த நாடோ இருக்காது. இனப் பின்னணியை வைத்துக் கணக்கெடுப்பதற்கு பிரான்ஸ் கடும் கட்டுப்பாடு வைத்திருக்கிறது. 2007இல் அரசியலமைப்புச் சபையும் அதையே உறுதிப்படுத்தியது. அதற்கு வரலாற்றுக் காரணங்கள் உண்டு, அவை லேசானவையும் இல்லை.

ஆனால் ஒரு கம்பி திறந்திருக்கிறது: மரணப் பதிவு. அதில் பிறந்த இடம் எழுதுவார்கள். அதை வைத்து இன்சே 2020 யூலையில் ஒரு கணக்கு வெளியிட்டது. 2020 மார்ச், ஏப்ரலில், முந்திய ஆண்டோடு பார்த்தால், பிரான்சில் பிறந்தவர்களின் மரணம் 22 வீதம் கூடியது. வெளிநாட்டில் பிறந்தவர்களுக்கு 48 வீதம். ஆசியாவில் பிறந்தவர்களுக்கு 91 வீதம்.

அது கொவிட், கிரிப் இல்லை. "ஆசியா" என்ற பெட்டிக்குள் நாங்களும் இருக்கிறோம், இன்னும் எத்தனையோ நாட்டவர்களும் இருக்கிறார்கள். என்றாலும் காரணங்களைப் பாருங்கோ: சின்ன வீட்டில் மூன்று தலைமுறை, வீட்டில் இருந்து செய்ய முடியாத ரெஸ்ரோரன்ட், கடை, துப்புரவு வேலை, வேலைக்கு மெத்ரோவில் போய்வருவது. கிரிப் பரவுவதும் இதே பாதையால்தான். சீனி வருத்தம் எங்களுக்குள் எவ்வளவு என்பதற்கு நான் எண் தரத் தேவையில்லை. எந்தக் கலியாண வீட்டிலும் "சீனி போடாமல் ஒரு ரீ" என்று எத்தனை பேர் கேட்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கோ.

செய்யக்கூடிய வேலை

ஊசிப் பருவம் ஒக்டோபர் நடுப்பகுதியில் தொடங்கும். 65 வயதைத் தாண்டியவர்கள், கர்ப்பிணிகள், சீனி வருத்தம், முட்டு, இதய நோய் போன்றவை உள்ள எந்த வயதினரும் இலவசமாகப் போடலாம். காப்புறுதியிடம் இருந்து "போன்" என்ற கடிதம் வரும். அதையும் கார்த் வித்தாலையும் கொண்டு ஃபார்மசிக்குப் போனால் அங்கேயே போடுவார்கள். கடிதம் வரவில்லை என்றால் ஃபார்மசியில் கேளுங்கோ, வழி சொல்வார்கள். ஊசி போட்டாலும் கிரிப் வரலாம். ரெயாக் கதவு வரை போகிற வாய்ப்பு குறையும், அதற்குத்தான் ஊசி.

வீட்டில் வயதானவர்கள் இருந்தால் ஒரு தாளில் பிரெஞ்சில் எழுதி அவர்களின் கார்த் வித்தாலோடு வையுங்கோ: இருக்கிற வருத்தங்கள், குடிக்கிற மருந்துகள், இந்த ஆண்டு ஊசி போட்ட திகதி. பேரப்பிள்ளைக்கு இரண்டு வசனம் சொல்லிக் கொடுங்கோ: "மூச்சு எடுக்கக் கஷ்டம்", "காய்ச்சல் இத்தனை நாளாக". மூச்சு முட்டினால், உதடு நீலமானால், ஆள் மாறிக் கதைத்தால் காத்திருக்காமல் 15ஐ அழையுங்கோ. அந்தத் தாள் முதலில் நோயாளிக்கு உதவும். மருத்துவர் சரியான பரிசோதனை எழுதுவார், சரியான குறியீடு போடுவார். மூவாயிரத்துக்கும் பதின்மூவாயிரத்துக்கும் இடையில் இருக்கிற ஓட்டையில் ஒரு ஆள் குறைவார்.

எங்களைப் போல ஐடி ஆட்களுக்கு வேறொரு வேலை. சாந்தே பியுப்ளிக் பிரான்சின் "ஒதிசே" தளத்தில் கிரிப் தரவு திறந்து கிடக்கிறது. உர்ஜான்ஸ் வருகைகளை வாரம் வாரமாக எடுக்கலாம். இறக்கி விளையாடுங்கோ. ஆனால் வரைபு போட்டு ஆருக்கும் அனுப்புவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி: இது எண்ணினதா, குறியிட்டதா, கணித்ததா? எந்தக் கதவில் நின்று எண்ணினார்கள்? கொவிட்டுக்குப் பிறகு உர்ஜான்சில் ஒரே குச்சியில் கிரிப், கொவிட், ஆர்எஸ்வி மூன்றையும் பார்ப்பது சாதாரணமாகிவிட்டது. கூடத் தேடினால் கூடக் கிடைக்கும். அதனால் 2019க்கு முந்திய கோட்டையும் பிந்திய கோட்டையும் ஒட்டிவைத்து "பாருங்கோ, கூடிட்டுது" என்று சொல்லாதேங்கோ.

அடுத்த எபிசோடில் பேக்கப் பற்றிக் கதைப்பம். அதுக்குள்ள உங்கட அம்மாட்ட ஊசி போட்டாச்சா எண்டு ஒருக்கால் கேளுங்கோ.